கலங்கிய குழாய் சொல்வதும் சொல்லாததும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரி மலைப்பகுதியில் நடக்கும் அரிவாள் செல் ரத்தசோகைப் பரிசோதனை முகாம்களைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. அது நல்ல விஷயம். ஆனால் பல செய்திகள் "இத்தனை பேருக்குப் பரிசோதனை, இத்தனை பேருக்கு நோய் கண்டுபிடிப்பு" என்று ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. முகாம்களில் பரவலாகச் செய்யப்படுவது கரைதிறன் பரிசோதனை. சிறிய கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. கரைசல், அதில் துளி ரத்தம். ஐந்து நிமிடத்தில் கலங்கினால் பாசிட்டிவ், தெளிவாகவே இருந்தால் நெகட்டிவ். கலங்கிய குழாய்க்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் எஸ், அதாவது ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்புப் புரதத்தின் மாறிய வகை, இருக்கிறது. அந்த ஆளுக்கு நோய் இருக்கிறதா, அல்லது நோயில்லாமல் அந்த மாறிய மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கிறாரா என்பதை அது சொல்லாது. தெளிந்த குழாய் அதைவிடவும் குறைவாகவே சொல்லும்.

நோயாளி என்று ஊர் ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் அதை அழிப்பது எளிதல்ல. "ஒன்றுமில்லை" என்று எழுதித் தந்த காகிதத்தை நம்பிக் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு பிள்ளை நோயோடு பிறப்பது அதைவிடக் கொடுமை. இரண்டு தவறும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. ஒரு புரதம் எப்படி அமைந்திருக்கிறது, அதில் எங்கே மாற்றம் நடந்திருக்கிறது, பரிசோதனை அதில் எதைப் பிடிக்கிறது என்பதை யாரும் மக்களுக்குச் சொல்வதில்லை. உயிர்வேதியியல் கற்பிப்பவர்களும் ரத்த ஆய்வகங்களில் வேலை செய்பவர்களுமாகிய நாங்கள் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இடம் ஒதுக்கி வெளியிட வேண்டுகிறோம்.

சிவப்பணுவைத் தண்ணீரும் ஹீமோகுளோபினும் நிறைந்த பை என்றே சொல்லலாம். உட்கரு கிடையாது. ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு புரதச் சங்கிலிகளின் கட்டு: ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு. ஆல்ஃபா சங்கிலியில் 141 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 146. ஒவ்வொரு சங்கிலியின் மடிப்புக்குள்ளும் ஹீம் என்ற தட்டையான வளையம், அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. ஆக்சிஜன் வந்து உட்காரும் இடம் அதுதான். நுரையீரலில் ஆக்சிஜன் ஏறும்போது நான்கு சங்கிலிகளும் ஒன்றையொன்று சற்று நகர்த்தி ஒரு வடிவம் எடுக்கும். திசுக்களில் இறக்கிவிட்டதும் இன்னொரு வடிவத்துக்குத் திரும்பும். இந்த இரண்டாவது வடிவம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

பீட்டா சங்கிலியின் தொடக்கம் இப்படிப் போகும்: வாலின், ஹிஸ்டிடின், லூசின், திரியோனின், புரோலின், குளூட்டாமிக் அமிலம், மறுபடியும் குளூட்டாமிக் அமிலம், லைசின். ஆறாவது இடத்தில் இருக்கும் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்து நின்றால் அதுதான் ஹீமோகுளோபின் எஸ். மீதி 145 இடங்களிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. 11-ஆம் குரோமோசோமில் இருக்கும் பீட்டா குளோபின் மரபணுவில் ஜி-ஏ-ஜி என்று இருக்க வேண்டிய மூன்றெழுத்து ஜி-டி-ஜி என்று ஆகியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

குளூட்டாமிக் அமிலம் எதிர் மின்சுமை கொண்டது. தண்ணீரோடு சிநேகமாக இருக்கும். வாலினுக்குச் சுமை இல்லை, தண்ணீரும் ஆகாது. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் ஒன்றையொன்று தேடிச் சேர்வதைப் பார்த்திருப்போம். புரதத்தின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் வாலினும் அப்படித்தான் ஒதுங்க இடம் தேடும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட வடிவத்தில், பக்கத்து மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் 85-ஆவது இடத்து பினைல் அலனினும் 88-ஆவது இடத்து லூசினும் சேர்ந்து தண்ணீர் ஒட்டாத ஒரு சின்னக் குழியைத் திறந்து வைத்திருக்கும். வாலின் அந்தக் குழிக்குள் போய்ப் பொருந்திக்கொள்ளும். ஒன்றோடு ஒன்று, அதனோடு இன்னொன்று என்று கோத்துக்கொண்டே போய், கடைசியில் 14 புரிகள் முறுக்கிய கயிறு போன்ற இழை உருவாகும். இழைகள் நீண்டு அணுவின் சவ்வை உள்ளிருந்து தள்ள, வட்டமாக இருந்த அணு கதிர் அரிவாளைப் போல வளைந்து விறைத்துவிடும்.

நல்ல சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். அதைவிடக் குறுகிய நுண்குழாய்களுக்குள்ளும் அது மடங்கி நுழைந்து வெளியே வந்துவிடும். விறைத்த அணுவால் மடங்க முடியாது, அங்கேயே அடைத்துக்கொள்ளும். அடைப்புக்கு அப்பால் இருக்கும் திசுவுக்கு ஆக்சிஜன் போகாது. கை, கால், முதுகு, மார்பு எலும்புகளில் வரும் தாங்கமுடியாத வலி இப்படி வருவதுதான். 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளில் சிதைவதால் ரத்தசோகையும் மஞ்சள் நிறக் கண்ணும் கூடவே வரும்.

ஆக்சிஜன் மறுபடி ஏறினால் அந்தக் குழி மூடிக்கொள்ளும், இழைகள் கரைந்துவிடும், அணுவும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இழை உருவாக ஒரு சிறு காத்திருப்பு நேரமும் உண்டு. அந்த நேரத்துக்குள் அணு நுண்குழாயைக் கடந்து நுரையீரலுக்குத் திரும்பிவிட்டால் ஆபத்தில்லை. ஹீமோகுளோபினின் செறிவு கொஞ்சம் கூடினாலே காத்திருப்பு நேரம் பல மடங்கு சுருங்கிவிடும். அதனால்தான் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்வதும், வாந்தி பேதியும் வலியைக் கொண்டுவருகின்றன: அணுவிலிருந்து தண்ணீர் வெளியேறினால் உள்ளே செறிவு கூடுகிறது. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ஓட்டம் மந்தமாகிறது, அணு தாமதிக்கிறது. "தண்ணீர் நிறையக் குடி, குளிரில் நனையாதே" என்று செவிலியர் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. காரணத்தோடு சொன்னால் மக்கள் கேட்பார்கள். பலமுறை வளைந்து நிமிர்ந்த அணுவின் சவ்வு கடைசியில் கெட்டு, ஆக்சிஜன் ஏறினாலும் நிமிராத நிலைக்கு வந்துவிடும்.

இனி, ஒரு பிரதியை மட்டும் சுமப்பவரைப் பார்ப்போம். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு எஸ் மரபணு, மற்றவரிடமிருந்து இயல்பான மரபணு. அவருடைய ஒவ்வொரு சிவப்பணுவிலும் இரண்டு வகையும் கலந்தே இருக்கும். வழக்கமாக எஸ் 35 முதல் 40 சதவீதம். மீதியில் பெரும்பகுதி இயல்பான வகையான ஹீமோகுளோபின் ஏ. ஆல்ஃபா தலசீமியாவும் (ஆல்ஃபா சங்கிலி குறைவாக உருவாகும் மரபுக்குறை) சேர்ந்திருந்தால் எஸ் இன்னும் குறையும். இடையிடையே ஏ வந்து நிற்பதால் கயிறு நீள்வதில்லை. அன்றாட வாழ்வில் அவருக்கு வலியும் இல்லை, ரத்தசோகையும் இல்லை. கடும் நீரிழப்போடு அளவுமீறிய உடலுழைப்பு, மிக உயரமான மலையேற்றம் போன்றவற்றில் மட்டும் கவனம் வேண்டும். அவரை நோயாளிப் பட்டியலில் சேர்ப்பது அறிவியலாகவும் தவறு, நியாயமாகவும் தவறு.

இந்த மரபணு இந்த மலைகளில் இருப்பதில் யாருடைய குற்றமும் இல்லை. ஃபால்சிபாரம் மலேரியா கடுமையாக இருந்த நிலங்களில் ஒரு பிரதியைச் சுமந்த குழந்தைகள் அந்தக் காய்ச்சலில் சாகாமல் தப்பினார்கள். அதனால் மரபணு தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. ஆப்பிரிக்காவில் ஆலிசன் இதை 1954-இல் காட்டினார். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1952-இல், ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரியின் இருளர், குறும்பர், பணியர் மக்களிடம் இந்த மரபுக்கூறு இருப்பதைக் கண்டு வெளியிட்டுவிட்டார்கள். லைனஸ் பாலிங்கின் குழு 1949-இல் இந்த நோயை 'மூலக்கூறு நோய்' என்று அழைத்தது. வெர்னன் இங்ராம் 1956-57-இல் கேம்பிரிட்ஜில் ஹீமோகுளோபினை டிரிப்சின் என்ற நொதியால் துண்டு துண்டாக வெட்டி, ஒரே ஒரு துண்டில் மட்டும் வேறுபாடு இருப்பதைக் கண்டு, அது ஒரே அமினோ அமிலம் என்று நிறுவினார். ஒரு புரதத்தின் அமைப்பில் நேர்ந்த மாற்றத்தால் வரும் நோய் என்று முதன்முதலில் தெளிவானது இதுதான். அந்த வரலாற்றில் நீலகிரிக்கு இத்தனை பழைய இடம் இருந்தும், இங்குள்ள பள்ளிகளில் இதைச் சொல்வாரில்லை என்பது எங்களுக்கு வருத்தம்.

பரிசோதனைக்கு வருகிறோம். கரைசலில் நான்கு பொருட்கள் இருக்கின்றன. ஒரு லிட்டருக்கு, நீரற்ற டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 215 கிராம், நீரற்ற பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 169 கிராம், சோடியம் டைதயோனைட் 5 கிராம், சப்போனின் 1 கிராம். முதல் உப்பை நன்றாகக் கரைத்த பிறகே இரண்டாவதைப் போட வேண்டும். பிறகு டைதயோனைட், கடைசியாக சப்போனின். பூந்திக்கொட்டையில் நுரை தருவதும் சப்போனின் வகைப் பொருள்தான். அது சிவப்பணுச் சவ்வின் கொழுப்பில் உள்ள கொலஸ்ட்ராலைப் பிடித்து சவ்வை ஓட்டையாக்கும், ஹீமோகுளோபின் வெளியே கொட்டும். டைதயோனைட் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் குழி திறந்த வடிவத்துக்குப் போகும். அடர்ந்த பாஸ்பேட் உப்புக் கரைசலில் ஆக்சிஜன் இழந்த எஸ் கரைய முடியாமல் வெளியே வந்து கலங்கலாக நிற்கும். ஏ கரைந்தே இருக்கும்.

கடையில் வாங்கும் டைபொட்டாசியம் பாஸ்பேட் பல நேரம் நீருடன் கூடிய படிகமாக இருக்கும். டப்பாவின் லேபிளைப் பார்க்காமல் 215 கிராம் எடுத்தால் கரைசல் நீர்த்துவிடும், பலவீனமான பாசிட்டிவ் தவறிப்போகும். மூன்று மூலக்கூறு நீர் கொண்ட படிகமானால் ஏறத்தாழ 282 கிராம் எடுக்க வேண்டும்.

பெரும்பாலான தவறுகள் டைதயோனைட்டில்தான் நேர்கின்றன. சாயப்பட்டறைக்காரர்கள் ஹைட்ரோஸ் என்று சொல்லும் அதே பொருள். காற்று பட்டாலே கெடும். ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். இறுக மூடி, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். அதைச் சேர்த்த கரைசல் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. மலைக்கு எடுத்துப்போகும் முகாம்களுக்கு எங்கள் யோசனை: பாஸ்பேட் கரைசலைத் தனியாகக் கொண்டுபோய், அன்று காலையில் தேவையான அளவுக்கு மட்டும் 100 மி.லி.க்கு அரை கிராம் டைதயோனைட்டும் 0.1 கிராம் சப்போனினும் சேர்த்துக்கொள்ளலாம். பொருள் உயிரோடு இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ரத்தம் விழுந்ததும் பளிச்சென்ற சிவப்பு மாறிக் கருஞ்சிவப்பாக வேண்டும். பளிச்சென்றே நின்றால் ஆக்சிஜன் போகவில்லை. அந்தக் கரைசலில் வரும் நெகட்டிவ் எதற்கும் மதிப்பில்லை.

செய்முறை எளிது. குளிரிலிருந்து எடுத்த கரைசலை அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். சில்லென்று இருக்கும்போது செய்தால் கலங்க வேண்டியது கலங்காமல் போகும். ஊட்டி, கூடலூர் போன்ற இடங்களில் அதிகாலை முகாமில் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். 12-க்கு 75 மி.மீ. குழாயில் 2 மி.லி. கரைசல். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. உள்ள, ஊதா மூடி போட்ட குழாயில் எடுத்த ரத்தத்தைச் சுழற்றி, மேலே நிற்கும் பிளாஸ்மாவை நீக்கிவிட்டு, அடியில் படிந்த அணுக்களில் 10 மைக்ரோலிட்டர் சேர்த்து நன்றாகக் கலக்கி, 5 நிமிடம் வைக்க வேண்டும். வெள்ளை அட்டையில் மெல்லிய கறுப்புக் கோடுகள் வரைந்து, குழாயை அதற்கு முன்னால் 2.5 செ.மீ. தள்ளிப் பிடித்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கோடுகள் தெரிந்தால் நெகட்டிவ். மறைந்தால் பாசிட்டிவ்.

பல கிட்களில் விரலைக் குத்தி எடுத்த முழு ரத்தம் 20 மைக்ரோலிட்டரை அப்படியே போடச் சொல்கிறார்கள். வேகமாக முடியும், ஆனால் இரண்டு பக்கமும் தவறுக்கு இடம் கொடுக்கும். பிளாஸ்மாவில் கொழுப்போ புரதமோ மிகுதியாக இருந்தால் எஸ் இல்லாமலேயே கலங்கும். கடும் ரத்தசோகை உள்ளவரிடம் அந்த 20 மைக்ரோலிட்டரில் அணுக்களே குறைவு. எஸ் இருந்தும் கலங்காது. உண்மையில் யாரைக் கண்டுபிடிக்க முகாம் போடுகிறோமோ, அந்த நோயாளியே தப்பிப்போகும் வழி இது. படிந்த அணுக்களைப் பயன்படுத்தினால் இரண்டு சிக்கலும் ஒரே அடியில் தீரும். கையால் சுழற்றும் சிறு சென்ட்ரிஃபியூஜ் இருந்தாலும் போதும்.

ஒவ்வொரு தொகுதியோடும் தெரிந்த ரத்தம் இரண்டு வைத்துப் பார்க்க வேண்டும்: ஒன்று இயல்பானது, மற்றது ஒரு பிரதி சுமப்பவருடையது. பாசிட்டிவ் ஒப்பீட்டுக்கு நோயாளியின் ரத்தத்தை வைப்பது சரியல்ல. அதில் எஸ் அவ்வளவு மிகுதி. பாதி செத்த கரைசலும் கலங்கிக் காட்டும். சுமப்பவரின் ரத்தம் கலங்கினால்தான் கரைசல் கூர்மையாக இருக்கிறது என்று நம்பலாம்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தப் பரிசோதனையே செய்யக்கூடாது. பிறக்கும்போது குழந்தையின் ரத்தத்தில் பெரும்பகுதி ஹீமோகுளோபின் எஃப். அதில் பீட்டா சங்கிலிக்குப் பதில் காமா சங்கிலி இருக்கும். பீட்டா மாறியிருந்தாலும் அந்த வயதில் எஸ் மிகக் குறைவு, குழாய் தெளிவாகவே நிற்கும். பெற்றோர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். ஐந்தாறு மாதத்தில் எஃப் இறங்கி எஸ் ஏறும்போது, குழந்தையின் கையும் பாதமும் வீங்கி விடாமல் அழும். பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில், ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. அல்லது அதற்கு இணையான பரிசோதனைதான் வேண்டும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியவர்களிடமும் கரைதிறன் முடிவை நம்ப முடியாது. அது கொடுத்தவரின் ரத்தத்தையும் சேர்த்தே காட்டும்.

இப்போது உறுதிப் பரிசோதனை. அந்த ஆறாவது இடத்தில் ஓர் எதிர் மின்சுமை குறைந்தது அல்லவா? மூலக்கூறில் பீட்டா இரண்டு என்பதால் மொத்தம் இரண்டு சுமை குறைவு. மின்புலத்தில் ஓடவிட்டால் எஸ் பின்தங்கும். ஏ முன்னே போகும். இதுதான் எலக்ட்ரோபோரசிஸ். பாலிங்கின் குழு 1949-இல் பயன்படுத்தியதும் இதே தத்துவத்தைத்தான். எச்.பி.எல்.சி. கருவியில் மின்சுமைக்கு ஏற்ப ஒவ்வொரு ஹீமோகுளோபினும் வேறு வேறு நிமிடத்தில் வெளியே வரும். ஏ, இயல்பாகவே சிறிதளவு இருக்கும் ஏ2, எஃப், எஸ் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று வரைபடமாகக் கிடைக்கும். ஏ-வும் எஸ்-ஸும் இருந்து ஏ கூடுதலாக இருந்தால் சுமப்பவர். ஏ இல்லவே இல்லாமல் எஸ் மேலோங்கியிருந்தால் நோய். ஏ இருந்தும் எஸ் அதைவிட அதிகம் என்றால் இன்னொரு சங்கதி இருக்கிறது.

இந்தக் கடிதத்தில் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்தச் சங்கதியைத்தான். எஸ் மரபணு ஒரு பக்கமும் பீட்டா தலசீமியா மரபணு மறுபக்கமும் சேர்ந்தாலும் அரிவாள் செல் நோய் வரும். தலசீமியா மரபணு இயல்பான பீட்டாவைக் குறைவாகச் செய்யும், அல்லது செய்யவே செய்யாது. அப்போது அணுவில் எஸ் ஆட்சிதான். மனைவி எஸ் சுமப்பவர். கணவருக்கு முகாமில் கரைதிறன் பரிசோதனை, குழாய் தெளிவு. "உங்களுக்கு இல்லை, கவலைப்படாதீர்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். கணவர் தலசீமியாவைச் சுமப்பவராக இருக்கலாம். அந்தக் குழாய் அதைக் காட்டவே காட்டாது. ஹீமோகுளோபின் டி பஞ்சாப் என்ற இன்னொரு மாறிய வகையைச் சுமப்பவராக இருந்தாலும் காட்டாது; அதுவும் எஸ்-ஸோடு சேர்ந்தால் நோய்தான். ஒருவர் பாசிட்டிவ் என்றால் இணையருக்கு நேராக எச்.பி.எல்.சி.யும் முழு ரத்த எண்ணிக்கையும் செய்ய வேண்டும். கரைதிறன் நெகட்டிவை வைத்து எந்தத் தம்பதிக்கும் உறுதி சொல்லக்கூடாது.

அந்த எச்.பி.எல்.சி.யிலும் படிக்கத் தெரிய வேண்டும். ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல், சிவப்பணுவின் சராசரிப் பருமன் 80 ஃபெம்டோலிட்டருக்குக் கீழ் என்றால் தலசீமியா சுமப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இரும்புச்சத்துக் குறைவு ஏ2-வைச் சற்று இறக்கிக் காட்டக்கூடும். எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பார்த்து, குறைவைச் சரிசெய்த பிறகு மறுபடி செய்வது நல்லது. எஸ் இருக்கும் ரத்தத்திலோ நேர்மாறு: சர்க்கரை ஒட்டிய எஸ் ஏ2-வின் நேரத்திலேயே வெளியே வந்து, ஏ2-வை உயர்த்திக் காட்டும். அந்த எண்ணை மட்டும் நம்பி எஸ்-தலசீமியா என்று எழுதிவிடக்கூடாது. அணுவின் பருமனையும் பெற்றோரின் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இருவரும் எஸ் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு நோயுள்ள குழந்தைக்கும், நான்கில் இரண்டு பங்கு சுமக்கும் குழந்தைக்கும், நான்கில் ஒரு பங்கு எதுவும் இல்லாத குழந்தைக்கும் வாய்ப்பு. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது" என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. அப்படியில்லை, ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. ஒருவர் மட்டும் சுமப்பவர், மற்றவர் முழுப் பரிசோதனையில் இயல்பானவர் என்றால் நோயுள்ள குழந்தை பிறக்காது. அவர்கள் கல்யாணம் செய்துகொள்வதில் எந்தத் தடையும் இல்லை.

நோய் உறுதியானவர்களைப் பற்றிச் சுருக்கமாக. குழந்தைப் பருவத்திலேயே மண்ணீரல் அடைபட்டுச் செயலிழப்பதால் நியூமோகாக்கஸ் கிருமி உயிரைப் பறிக்கும். ஆகவே ஐந்து வயதுவரை தினம் இரண்டு வேளை பெனிசிலின் மாத்திரையும் (மூன்று வயதுவரை வேளைக்கு 125 மி.கி., அதன்பின் 250 மி.கி.) நியூமோகாக்கல் தடுப்பூசியும் அவசியம். 101 டிகிரி காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. ஹைட்ராக்சியூரியா மாத்திரை, குழந்தைப் பருவத்து ஹீமோகுளோபின் எஃப்-ஐ மீண்டும் சுரக்கச் செய்கிறது. எஃப் இருக்கும் அணுவில் இழை எளிதில் உருவாகாது. வலி வருவது குறைகிறது. உடல் எடைக்கு ஏற்ப மருத்துவர் அளவு தீர்மானிப்பார், வெள்ளணு எண்ணிக்கையை அவ்வப்போது பார்க்க வேண்டும். பிள்ளை பெற நினைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ரத்தசோகை என்ற பெயரைப் பார்த்ததும் இரும்பு மாத்திரையை அள்ளிக் கொடுக்கும் வழக்கமும் நிற்க வேண்டும். இங்கே அணு சிதைவதால் சோகை. சிதைந்த அணுவின் இரும்பு உடலிலேயே தங்குகிறது. அடிக்கடி ரத்தம் ஏற்றுபவர்களிடம் அது மிகுந்து கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கும். ஃபெரிட்டின் பார்த்துக் குறைவு என்று தெரிந்தால் மட்டுமே இரும்பு. ஃபோலிக் அமிலம் வேறு விஷயம். புதிய அணுக்கள் வேகமாக உருவாக அது தேவை.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. 'மூன்று மாத சர்க்கரை' என்று நாம் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. அளப்பது பீட்டா சங்கிலியின் முதல் வாலினில் ஒட்டிய குளுக்கோஸை. எஸ் மாற்றம் அங்கிருந்து ஐந்து இடம் தள்ளித்தான் இருக்கிறது. சில வகைப் பரிசோதனைகள் அதனால் குழம்பும். சுமப்பவர்கள் தங்கள் நிலையை ஆய்வகத்தில் சொல்லிவிட வேண்டும். நோயாளிகளிடமோ அணுக்கள் மூன்று மாதம் வாழ்வதே இல்லை. எந்தக் கருவியில் செய்தாலும் அந்த எண் பொய்யாகக் குறைந்தே இருக்கும். அவர்களுக்கு நேரடி ரத்த குளுக்கோஸ் அளவே வழி.

மத்திய அரசின் அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்கள், 40 வயதுவரை 7 கோடி பேருக்குப் பரிசோதனை, 2047 இலக்கு. எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போது கரைதிறன் பரிசோதனையை முதல் சல்லடையாக வைப்பதில் தவறில்லை. சல்லடையில் நின்றதை எச்.பி.எல்.சி.க்கு அனுப்பும் வரை அந்த ஆளின் முடிவு வரவில்லை என்றே கொள்ள வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அரிவாள் செல் நோயும் இடம்பெற்றிருக்கிறது. நோயுள்ளவருக்கு அந்த உரிமை சேரவும், சுமப்பவர் மேல் நோயாளி என்ற முத்திரை விழாமல் இருக்கவும் இரண்டு பட்டியலும் தனித்தனியே இருந்தாக வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு எங்கள் வேண்டுகோள்: முகாம் செய்தி வெளியிடும்போது, அது கரைதிறன் முடிவா, உறுதிசெய்த முடிவா என்று கேட்டு எழுதுங்கள். உறுதிசெய்ததானால் நோயுள்ளவர் எத்தனை பேர், சுமப்பவர் எத்தனை பேர் என்று பிரித்து எழுதுங்கள். முகாம் நடத்துபவர்களுக்கு: முடிவுக் காகிதத்தில் 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லோடு யாரையும் அனுப்பாதீர்கள். 'எஸ் இருப்பதாகத் தெரிகிறது. நோயா, சுமப்பவரா என்று அறிய எச்.பி.எல்.சி. செய்ய வேண்டும்; இந்தத் தேதியில், இந்த மருத்துவமனையில்' என்று தமிழில் எழுதுங்கள். பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளில் அவர்கள் மொழி தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லட்டும். கணவன் மனைவி இருவரின் முடிவையும் ஒரே நாளில், ஒரே மேசையில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியர்கள், ரத்த ஆய்வக நுட்பநர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.